முதலில் கடன், அப்புறம் வீடு

 

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். "சார், 42 லட்சத்துக்கு ஒரு வீடு பிடிச்சிருக்கு. நாளைக்கு 2 லட்சம் அட்வான்ஸ் குடுத்து அக்ரிமெண்ட் போடப்போறேன்" என்றான். "லோன்?" என்று கேட்டேன். "அதெல்லாம் கிடைச்சிடும் சார்."

1993-ல் நானும் இதையேதான் சொன்னேன். 1,40,000 ரூபாய் வீட்டுக்கு 10,000 அச்சாரம், மூன்று மாதக் கெடு. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, என் சம்பளத்துக்கு 70,000-க்கு மேல் கடன் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரரிடம் அவகாசம் கேட்டேன். எழுதியது எழுதியதுதான் என்றார். அச்சாரம் போயிற்று. அன்றைக்கு அது என் மூன்று மாதச் சம்பளம்.

வீட்டை முடிவு செய்துவிட்டுப் பணத்துக்கு அலையும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது? அந்தக் காலத்தில் கடனை ஆளைப் பார்த்துக் கொடுக்கவில்லை, சொத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். நிலத்தை ஒத்தி வைத்தார்கள், நகையை அடகு வைத்தார்கள். 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு போன்ற நிதிகளும் நகை, வீட்டின் பேரில் கடன் கொடுத்தவைதான். பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் செல்லும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் ஒருசில நகரங்களுக்கு மட்டும் ஒப்புக்கொண்டது. அதில் சென்னையும் ஒன்று. இன்று வங்கிக்கடனுக்கு எம்.ஓ.டி. என்று பதிவு செய்கிறோமே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. கையில் பத்திரம் இல்லாதவனுக்கு அன்று கடன் பேச்சே கிடையாது.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஹஸ்முக் பாரேக். ஐ.சி.ஐ.சி.ஐ.யிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1977-ல், தம் 66-வது வயதில் எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கினார். (ஓய்வுக்குப் பிறகு நான் தொடங்கியது இந்த முகநூல் பக்கம் மட்டும்தான்!) மாதச் சம்பளக்காரன் இனி சம்பாதிக்கப்போவதை நம்பி நீண்டகாலக் கடன் கொடுப்பது அந்த நிறுவனத்தின் தொழிலாயிற்று. 1988-ல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது. 2000-ல் சிபில் வந்தபின், ஒருவர் பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்பது வங்கிக்குச் சுலபமாகத் தெரியலாயிற்று. தவணை நின்றால் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்ற 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வழி செய்தது. இத்தனையும் கைக்கு வந்ததால்தான், வீடு எது என்று தெரியுமுன்பே "உங்களுக்கு இவ்வளவு தரலாம்" என்று வங்கியால் இன்று எழுதித் தர முடிகிறது. முன் ஒப்புதல் என்பது இதுதான். எங்கள் காலத்தில் இப்படி ஒன்றைக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பணம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சில மாதங்களுக்குத்தான் அது செல்லும். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி எல்லாவற்றையும் வக்கீல் பார்த்த பிறகுதான் உண்மையான ஒப்புதல். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முத்திரைத்தீர்வை, பதிவுச் செலவு தனி.

மாணவனிடம் என் 10,000 ரூபாய்க் கதையைச் சொல்லி, வங்கிக்குப் போய்விட்டு வந்து அட்வான்ஸ் கொடு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனான். சம்பளம் 62,000. தவணையெல்லாம் சேர்த்து ஏறக்குறைய அதில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்றார்களாம். கார் தவணை 8,500 போக மீதிக்குக் கணக்குப் போட்டு, 26 லட்சம் தரலாம் என்றிருக்கிறார்கள். அவன் நம்பியிருந்தது 33 லட்சம்.

அதற்குள் அந்த வீட்டுக்கு வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். பையனுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான். நேற்று அழைத்து, கார் கடனை முதலில் அடைக்கட்டுமா, இல்லை 34 லட்சத்துக்குள் ஃப்ளாட் பார்க்கட்டுமா என்று கேட்டான். மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கணக்குப் போடு என்று சொல்லியிருக்கிறேன்.