கொழும்பில் வாடகையை விட முற்பணம்தான் பாரம்

கல்முனைப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வரும் எங்களுக்கு வாடகை என்பது புதுப் பாடம். ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டில் வந்து குடியேறுவார். (அந்த வழக்கத்தின் பாரம் வேறு கதை.) பிள்ளைகளின் படிப்புக்காகத் தெஹிவளையில் தொடர்மாடி வீடொன்று தேடியபோதுதான் எனக்கு இந்தக் கணக்கு விளங்கியது.

எல்லோரும் மாத வாடகையைத்தான் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியது முற்பணத்தை. இரண்டு அறை வீடொன்று மாதம் 80,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருட முற்பணம் கேட்பது இங்கு சாதாரணம், அது 960,000. தரகருக்கு ஒரு மாத வாடகை. ஆக, சாவி கைக்கு வருமுன்பே 10 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா வேண்டும். லொறிக் கூலி இதில் சேரவில்லை. மாதச் சம்பளக்காரர் இதற்கு எங்கே போவார்? நகையை அடகு வைத்தால் வட்டி. அது வேண்டாமென்றால் சீட்டு, இல்லையேல் மச்சான்மாரின் கடன். நான் மூன்றாவதைத்தான் செய்தேன்.

வாடகை ஏறியதற்குக் காரணங்கள் உண்டு. 2022 இல் ரூபா சரிந்தபோது 50 கிலோ சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தாண்டியது. வங்கி வட்டியும் உயர்ந்து, கட்டட வேலைகள் பல பாதியில் நின்றன. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. எழும்பிய சொகுசு மாடிகளோ டொலர் வைத்திருப்போருக்கானவை. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிவாசலும் முஸ்லிம் பாடசாலையும் பக்கத்தில் வேண்டுமென்று தெஹிவளை, களுபோவில, தெமட்டகொட, மாபோல என்று ஒரே இடங்களையே தேடுகிறோம். 2019 ஏப்ரலுக்குப் பின் பெயரைக் கேட்டதுமே வீடு இல்லையென்ற உரிமையாளர்களால் அந்த வட்டம் இன்னும் சுருங்கியது. அது தெரிந்து விலையை ஏற்றுபவர்களில் நம்மவரும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவதைத் தடுத்தது. ஆனால் பிற்காலத் திருத்தங்களால் புதிய தொடர்மாடிகள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே போய்விட்டன. மற்றது, 1840 இன் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வெறும் கடதாசியில் கையொப்பம் வைத்து இலட்சக்கணக்கில் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த உறுதியில் முற்பணம் மாதா மாதம் எவ்வளவு கழியும், மீதி எத்தனை நாளில் திரும்பும், மாடியின் பராமரிப்புக் கட்டணம் யார் தலையில், இரண்டாம் வருடம் எத்தனை வீதம் கூடும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். நான் முதல் வீட்டில் கேட்கவில்லை. வெளியேறும்போது நிறப்பூச்சு, தண்ணீர்க் குழாய், கதவுப் பூட்டு என்று சொல்லி இரண்டு மாத வாடகையைக் கழித்துவிட்டார்கள்.

இப்போதைய வீட்டுக்காரர் ஒரு ஹாஜியார். ஆறு மாத முற்பணம் போதுமென்றார், அதிலும் பாதியை மூன்று தவணையாக. அவருடைய வீடு ஒரு மாதம்கூட வெறுமையாகக் கிடந்ததில்லையாம்.