கடல் வாயிலில் ஓர் அணை

அணை என்றதும் தமிழர் நினைவில் முதலில் எழுவன கல்லணையும் மேட்டூரும் ஆகும். கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணை, காவிரி நீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடாமல் வயல்களுக்குத் திருப்பியது. 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை, மலைகளுக்கிடையே வெள்ளத்தைத் தேக்கியது. இரண்டும் கடலுக்கு எட்டாத் தொலைவில் நிற்பவை. சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டோ ஆறு கடலில் விழும் வாயிலிலேயே நிற்கிறது. ஆறு முடிகிற இடத்தில் அணை எதற்கு? நான் கற்பிக்கும் தோட்டப் பள்ளியில் பிள்ளைகள் கேட்கும் இக்கேள்விக்கு விடை, இத்தீவின் தண்ணீர் வரலாற்றில் இருக்கிறது.

சிங்கப்பூரில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அதைத் தேக்கி வைக்க இடந்தான் இல்லை. பெருமலை இல்லை, இயற்கையான பெரிய ஏரியும் இல்லை. ஆறுகள் சில கல் தொலைவு ஓடிக் கடலில் கலந்துவிடுகின்றன. பழைய நகரத்தின் இடப்பெயர்களே தண்ணீரின் கதையைச் சொல்லும். மாட்டு வண்டியில் நீர் கொண்டுசென்ற பகுதிக்கு மலாய்மொழியில் தண்ணீர் வண்டி எனப் பொருள்படும் 'கிரேத்தா ஆயர்' என்ற பெயர் நிலைத்தது. நம்மவர் ஓடைக்கரையில் துணி வெளுத்த இடம் 'டோபி காட்' ஆயிற்று. ரோச்சோர் ஆற்றின் நீரையும் புல்லையும் நம்பி மாட்டு வணிகர் குடியேறியதால் சிராங்கூன் சாலைப் பகுதி வளர்ந்தது. 'எருமைச் சாலை' என்ற பெயர் இன்றும் அங்கு உண்டு.

நகரம் பெருகப் பெருகக் கிணறும் ஓடையும் போதவில்லை. 1857இல் டான் கிம் செங் என்னும் சீன வணிகர், குடிநீர்த் திட்டத்துக்காக 13,000 வெள்ளி நன்கொடை அளித்தார். பின்னர் மெக்ரிட்சி நீர்த்தேக்கம் எழுந்தது. 1927இல் ஜொகூரிலிருந்து நீர் பெற ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆயினும் பிறர் கையில் இருக்கும் குழாயின் அபாயத்தை 1942 சனவரியில் நகரம் உணர்ந்தது. பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தைத் தகர்த்தபோது நீர்க்குழாயும் அறுந்தது. அடுத்த மாதம் பெர்சிவல் சரணடைந்தபோது, நகரின் நீர் வழங்கலும் நின்றுபோகும் நிலையில் இருந்தது.

பின்னர் 1961, 1962ஆம் ஆண்டுகளில் ஜொகூருடன் புதிய ஒப்பந்தங்கள் வந்தன. 1963இல் வறட்சியால் தண்ணீர்ப் பங்கீடு செய்ய நேர்ந்தது. 1965இல் தனி நாடானபின், வானம் தரும் நீரில் ஒரு துளியையும் இழக்கலாகாது என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1961ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011இல் முடிந்தது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 வரை நீளும்.

நகரின் நடுவில் பெய்யும் மழையைத் தேக்குவதற்கு ஒரு பெருந்தடை இருந்தது. சிங்கப்பூர் ஆறும் காலாங் படுகையும் நாற்றமெடுத்துக் கிடந்தன. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, படகுத்துறை, தெருக்கடை ஆகிய அனைத்தின் கழிவும் அங்கேதான் சேர்ந்தது. பத்தாண்டில் இவ்வாறுகளில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என 1977இல் பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வகுத்தார். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. தெருவோர வணிகர் உணவங்காடி நிலையங்களுக்குச் சென்றனர். 1983இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. ஆறு தெளிந்தது உண்மை. அதன் விலையைத் தலைமுறை தலைமுறையாக அக்கரைகளில் பிழைத்தவர்கள் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. அணையின் வரலாற்றை எழுதுவோர் அவர்களை மறத்தலாகாது.

1987இல் தூய்மைப் பணி நிறைவேறியபோது, இருபதாண்டுகளில் முகத்துவாரத்தில் தடுப்பணை கட்டவும் இயலும் என்று லீ கூறினார். கடலைத் தூர்த்து உருவாக்கிய மரினா நிலப்பகுதிகள், விரிகுடாவை ஏற்கெனவே முக்கால் பாகம் வளைத்திருந்தன. எஞ்சிய வாய்க்காலின் அகலம் சுமார் 350 மீட்டர். 2005இல் வேலை தொடங்கி, 2008 அக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் லீ சியன் லூங் அணைக்கட்டைத் திறந்துவைத்தார்.

இனி அதன் அமைப்பைக் காண்போம். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒன்பது எஃகுக் கதவுகள் உள்ளன. மழையில்லாத நாளில் அவை நிமிர்ந்து நின்று, கடலை வெளியே நிறுத்தும். கனமழை பெய்து கடல் வற்றமாக இருந்தால், கதவுகள் தாழ்ந்து மிகைநீரைத் தாமே வழியவிடும். மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் கதவைத் திறக்க இயலாது. திறந்தால் கடல்தான் உள்ளே வரும். அப்போது ஏழு பெரும் பம்புகள் இயங்கும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர் நீரைக் கடலுக்குத் தள்ள வல்லது. ஏழும் சேர்ந்தால் நொடிக்கு 280 கன மீட்டர், அதாவது 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர்! கடல் ஏற்றத்தின்போது சைனாடவுன், ஜாலான் புசார் போன்ற தாழ்ந்த இடங்களில் நீர் நின்ற துன்பம் இவ்வாறு குறைந்தது.

உள்ளே இருந்த உப்புநீர் எப்படி நன்னீராயிற்று? 2009 ஏப்ரல் முதல் மழைநீர் சிறிது சிறிதாக அதன் இடத்தைப் பிடிக்க, 2010 நவம்பரில் மரினா நாட்டின் 15ஆவது நீர்த்தேக்கமாயிற்று. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டேர். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

எனினும் அணை எல்லா வெள்ளத்துக்கும் மருந்தன்று. 2010 ஜூன் 16ஆம் நாள் ஆர்ச்சர்ட் சாலையில் வெள்ளம் புகுந்தது. கடல் ஏற்றத்தை அணை தடுக்கும். மேட்டுப்பகுதியின் வடிகால் கொள்ளாத மழையை அது என் செய்யும்? ஆகவே ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்க்குத் துணையாக மாற்றுக் கால்வாயும், நிலத்தடி நீர்த்தொட்டியும் 2018இல் நிறைவு பெற்றன.

மேட்டூருக்கு நீர் தருவன குடகு மலையும் காடுகளும். மரினாவுக்கு நீர் தருவன வீட்டுக் கூரைகளும் கடைத்தெருக்களுமே. கழிவுநீர் தனிக் குழாயில் செல்கிறது. மழைநீரோ தெரு வடிகால் வழியே தேக்கத்தைச் சேர்கிறது. தேக்கா சந்தையருகே ஒருவர் வடிகாலில் எறியும் நெகிழிப்பை, ரோச்சோர் கால்வாய் வழியாகக் குடிநீர்த் தேக்கத்தை நோக்கியே பயணப்படும். கதவையும் பம்பையும் பொறியாளர் காப்பர். நீரின் தூய்மையைக் காக்கும் பொறுப்பு தெருவில் நடக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.