மௌனமும் வழியின்மையும்: தமிழகத்தில் பெண்களின் இனப்பெருக்க உறுப்பு நோய் ஆய்வுகள், 1989–2007

பெண்களின் இனப்பெருக்க உறுப்பு நோய்களைப் பற்றிய ஆய்வு இந்தியாவில் நெடுங்காலம் மருத்துவமனைச் சுவர்களுக்குள்ளேயே நடந்தது. 1844இல் தொடங்கிய சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை போன்ற இடங்களில் பிரசவ மருத்துவம் வளர்ந்தது. பேறுகாலத்துக்கு வெளியே வரும் அடிவயிற்று வலியும் வெள்ளைப்படுதலும், தேடி வந்த நோயாளிகளைக் கொண்டே அறியப்பட்டன. வராதவர்கள் கணக்கில் சேரவில்லை.

கிராமங்களில் கள ஆய்வே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசிச் சோதனை, இன்றைய திருவள்ளூர்ப் பகுதியையும் உள்ளடக்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 3.6 லட்சம் பேரைப் பதிவு செய்து பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. உலக அளவில் பேசப்பட்ட கள ஆய்வு அது. ஊர் ஊராகச் சென்று பெயர் எழுதி, சளி எடுத்து, எக்ஸ்ரே படம் பிடிக்க முடிந்த ஒரு வட்டாரத்தில் கருப்பை நோய்கள் கேள்வியாகவே எழவில்லை என்பது ஆய்வுலகின் முன்னுரிமையைக் காட்டுகிறது. பெண்களின் கூச்சத்தை இதற்குக் காரணமாகச் சொல்ல இடமில்லை. அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை.

கேட்டவர்கள் மருத்துவர்கள் ராணி பங்கும் அபய் பங்கும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களைப் பரிசோதித்து, முடிவை 1989 ஜனவரியில் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். 55 விழுக்காட்டினர் தமக்கு நோவு உண்டு என்றனர். 45 விழுக்காட்டினர் ஒன்றுமில்லை என்றனர். பரிசோதனையிலோ 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு நோய் தெரிந்தது. சராசரியாக ஒருவருக்கு 3.6 நோய்கள். அதற்கு முன் இதற்கெனப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. ஆரம்ப சுகாதாரச் சேவையில் பெண்ணோய்ச் சிகிச்சையும் சேர வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதில் மறுக்க எதுவுமில்லை.

மறுக்க வேண்டியது இந்த எண்ணுக்குப் பின்னர் கொடுக்கப்பட்ட விளக்கத்தை. 1991இல் ரூத் டிக்சன்-முல்லரும் ஜூடித் வாஸர்ஹைட்டும் நியூயார்க்கின் பன்னாட்டுப் பெண்கள் நலக் கூட்டமைப்புக்காக எழுதிய அறிக்கை, மூன்றாம் உலகப் பெண்களிடம் நிலவும் 'மௌனப் பண்பாடு' என்ற சொற்றொடரைத் தலைப்பிலேயே வைத்தது. இந்த நோய்களை மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுத் திட்டங்கள் கண்டுகொள்ளவில்லை என்ற அதன் குற்றச்சாட்டு நியாயமானது. 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டுக்கும், இந்தியாவில் 1997இல் தொடங்கிய இனப்பெருக்க, குழந்தைகள் நலத் திட்டத்துக்கும் வழியமைத்த எழுத்துகளில் அதற்கும் இடமுண்டு. ஆனால் அந்தத் தலைப்பு அறிக்கையைவிட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது. பின்வந்த பயிற்சிக் கையேடுகளும் திட்ட அறிக்கைகளும் அதைக் காரண விளக்கமாகவே எடுத்துக்கொண்டன: நோய் மிகுதி, ஏனெனில் பெண்கள் பேசுவதில்லை, பேசாதது பண்பாடு, ஆகவே தேவை விழிப்புணர்வு.

இந்த வாசிப்பில் மூன்று இடறல்கள் உள்ளன. முதலாவது கட்சிரோலித் தரவிலேயே இருக்கிறது. கேட்டதும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாய்திறந்து சொல்லியிருக்கிறார்கள். மீதி 45 விழுக்காட்டினர் மறைத்தார்களா, அவர்களுக்கு உண்மையிலேயே நோவு தெரியவில்லையா என்பதை அந்த எண் தனியே தீர்க்காது. அறிகுறியின்றி இருக்கும் தொற்றுகள் ஏராளம். அறிகுறியில்லாதவரை மௌனம் காப்பவராகக் கருதுவது பிழை. இரண்டாவது, 92 என்பது எதை எண்ணியது என்பது. தொற்றுகள் அந்த நோய்ச்சுமையில் பாதிதான். மாதவிலக்குக் கோளாறுகளும், கருப்பை வாயில் தெரியும் சிவந்த திட்டும் அதில் சேர்ந்தன. அந்தத் திட்டு இளம் பெண்களிடமும் கருத்தடை மாத்திரை உண்பவர்களிடமும் இயல்பாகவே காணப்படுவது. பெரும்பாலும் சிகிச்சை வேண்டாதது. எகிப்தின் கீசாவில் 509 பெண்களிடம் செய்த ஆய்வில் இனப்பெருக்கப் பாதைத் தொற்று 52 விழுக்காடு, கருப்பை இறக்கம் 56 விழுக்காடு என்று கிடைத்தது. அளவுகோல் மாறினால் எண்ணும் மாறும்.

மூன்றாவது இடறலே முதன்மையானது. அது வெளிப்படுவது தமிழக ஆய்வு ஒன்றில். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஜாஸ்மின் ஹெலன் பிரசாத்தும் உடனாய்வாளர்களும் 1996–97இல் 16 முதல் 22 வயது வரையிலான 451 மணமான பெண்களிடம் நடத்திய ஆய்வு அது. 53 விழுக்காட்டினர் அறிகுறி உண்டு என்றனர். ஆய்வகம் தொற்றை உறுதி செய்தது 38 விழுக்காட்டினரிடம். அதில் பாலுறவு வழித் தொற்று 15, உடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர் பெருகியதால் வந்த தொற்று 28. சிலரிடம் இரண்டும் இருந்ததால் கூட்டுத்தொகை 38ஐத் தாண்டுகிறது.

கட்சிரோலியின் 55ஐயும் வேலூரின் 53ஐயும் அருகருகே வைத்தால் வியப்பே மிஞ்சும். இரு மாநிலங்கள், வெவ்வேறு வயதினர், இடையில் ஏழெட்டு ஆண்டுகள். சொல்லப்பட்ட நோவின் அளவு மட்டும் ஏறத்தாழ ஒன்றே. கண்டறிந்த நோயோ ஓரிடத்தில் 92, இன்னோரிடத்தில் 38. இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. கட்சிரோலி எல்லாப் பெண்ணோய்களையும் எண்ணியது, வேலூர் எண்ணிக்கை தொற்றுகளுக்கு மட்டும் உரியது. ஆயினும் வேலூரில் சொன்னவர்கள், ஆய்வகம் கண்டவர்களைவிடக் கூடுதல். தொற்று உள்ள அனைவரும் அறிகுறி சொன்னவர்களே என்று வைத்துக்கொண்டாலும்கூட, நூற்றுக்குப் பதினைந்து பேராவது ஆய்வகத் தொற்று இல்லாமலேயே நோவைச் சொல்லியிருக்கிறார்கள். பேசாத பெண்கள் என்ற சித்திரம் இங்கே நிற்கவில்லை.

அந்தக் கட்டுரையின் இன்னொரு செய்தி இதைவிடக் கனமானது. அறிகுறி உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சையும் நாடவில்லை. அவர்கள் சொன்ன காரணங்கள்: பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவப் பணியாளர் இல்லை, மறைவிடம் இல்லை, தூரம், செலவு, இது எல்லோருக்கும் வருவதுதான் என்ற எண்ணம். ஐந்தில் நான்கு கட்டடத்தையும் ஆளையும் பேருந்தையும் பணத்தையும் பற்றியவை. கடைசி ஒன்றை மட்டுமே பண்பாட்டின் கணக்கில் எழுதலாம். வெள்ளைப்படுதலை உடம்புச் சூடு என்று கொண்டு வெந்தயமும் மோரும் குடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு என்பது உண்மை. ஆனால் அதுவும் நோவுக்குச் செய்யும் ஒரு சிகிச்சைதானே. வீட்டில் நாலு பேரிடம் கேட்டுத்தான் அதைச் செய்கிறார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து ஒரு பக்கச்சான்றும் உண்டு. 1999 முதல் காசநோய் ஆராய்ச்சி மையம் இம்மாவட்டத்தில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையை ஆராய்ந்து வந்தது. அங்கிருந்து 2004இல் வெளியான பாலசுப்பிரமணியன் முதலானோரின் கட்டுரை ஆண், பெண் வேறுபாட்டை அளந்தது. நோயைக் குடும்பத்தாரிடம் பேசத் தயங்கியவர்கள் பெண்களில் 21 விழுக்காடு, ஆண்களில் 14 விழுக்காடு. அவப்பெயரும் சிரமமும் பெண்களுக்கே மிகுதி. இருந்தும் மருத்துவ நிலையத்தை அணுகியதிலும், சிகிச்சையை விடாமல் தொடர்ந்ததிலும் பெண்களே முந்தினர். இருமல் வேறு, வெள்ளைப்படுதல் வேறு என்ற மறுப்பு எழும், அது சரியே. இருமலுக்குப் புடவை விலக்கிப் படுக்க வேண்டியதில்லை. எனினும் தயக்கமும் வருகையும் ஒன்றாகவே இருக்க முடியும் என்பதை இந்தத் தரவு நிறுவுகிறது. தயக்கத்தைத் தாண்ட ஒரு வழி திறந்திருந்தது: ஊரருகே மருந்து, இலவசம், பெயர் தெரிந்த பணியாளர். மௌனப் பண்பாடு என்ற விளக்கத்துக்கு இது போதிய மறுப்பு ஆகாவிட்டாலும், நிறுவும் பொறுப்பை அதன் தலையில் திருப்பி வைக்கிறது.

வேலூர் முடிவை எந்த ஆண்டுக்கு உரியதாகக் கொள்வது என்பது தீராத சிக்கல். களப்பணி 1996–97, அச்சேறியது 2005. இனப்பெருக்க நலத் திட்டம் தொடங்கியதோ 1997இல்தான். ஆகவே 2005ஆம் ஆண்டுக் கட்டுரையாக மேற்கோள் காட்டப்படும் இது, திட்டத்துக்கு முந்திய தமிழகத்தின் படம். திட்டத்தின் தோல்விக்கோ வெற்றிக்கோ இதைச் சான்றாக்குவது பொருந்தாது.

சொன்ன நோவும் கண்ட நோயும் பொருந்தாமை கோவாவில் இன்னும் தெளிவாயிற்று. விக்ரம் படேல் குழுவினர் 18 முதல் 45 வயது வரையிலான 2,494 பெண்களிடம் செய்த ஆய்வில் வெள்ளைப்படுதல் என்று சொன்னவர்கள் 14.5 விழுக்காடு, தொற்று இருந்தவர்கள் 28.3 விழுக்காடு. அந்தப் புகாரோடு நெருங்கிச் சேர்ந்திருந்தவை மனச்சுமையும் குடும்பச் சூழலுமே. தொற்றோடு இருந்த தொடர்பு மெலிது.

இந்தப் பொருந்தாமையின் விளைவு மருந்துப் பெட்டி வரை வந்தது. அறிகுறியை வைத்தே மருந்து தரும் முறையில், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நிறவாரியான பொட்டலங்களை அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை: செக்னிடசோல் 2 கிராம், புளூகோனசோல் 150 மில்லிகிராம். அடிவயிற்று வலிக்கு மஞ்சள்: ஒருவேளை செஃபிக்சிம், பதினான்கு நாள் மெட்ரோனிடசோலும் டாக்சிசைக்ளினும். ஆய்வகம் இல்லாத இடத்தில் இது பயனுள்ள ஏற்பாடு. நுண்ணோக்கி பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சளிப் பரிசோதனைக்காக இருந்தது. ஆனால் டிரைக்கோமோனாஸைக் காண, உப்புநீரில் கரைத்த துளியைச் சில நிமிடங்களுக்குள், கிருமி நீந்திக்கொண்டிருக்கும்போதே பார்த்தாக வேண்டும். மருத்துவரும் ஆய்வக நுட்பரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். வேலூர்க் கணக்கின்படி தொற்றுகளில் பெரும்பகுதி பாலுறவு வழி வராதவை. அறிகுறியை மட்டும் பார்த்துக் கணவனையும் அழைத்து வரச் சொன்னால் வீட்டில் வீண் சந்தேகமே மிஞ்சும்.

நோவு சொல்லாதவரிடமும் நோயைத் தேட வேண்டும் என்ற கட்சிரோலி வாசிப்பு முழுவதும் பொருந்தும் இடம் ஒன்று உண்டு: கருப்பை வாய்ப் புற்றின் முன்நிலை. அதற்கு அறிகுறியே கிடையாது, தேடினால்தான் தெரியும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்ததில், புதிய புற்று 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. 30–39 வயதினரிடம் பலன் இன்னும் கூடுதல். சங்கரநாராயணன் முதலானோரின் இந்த முடிவு 2007இல் 'லான்செட்'டில் வந்தது. தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் இப்பரிசோதனையைத் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டமாகச் செய்து, பின்னர் மாநிலம் முழுவதும் விரித்தது.

திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்பேட்டையான கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்துக்கு இந்த ஆய்வு மரபைக் கொண்டுவரும்போது அதன் அச்சுகளில் சில மாற வேண்டும். வேலூரில் விவசாயக் கூலிப் பெண்களுக்குப் பாலுறவு வழித் தொற்று வாய்ப்பு 2.4 மடங்கு இருந்தது. வயலும் ஆலையும் அடுத்தடுத்து நிற்கும் இங்கு, விவசாயக் கூலி, மற்றவர் என்ற பிரிவு அவ்வளவு சொல்லாது. வீட்டுப் பட்டியலிலிருந்து மணமான பெண்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் விடுதிகளில் தங்கி ஷிப்டுக்குப் போகும் மணமாகாத பெண்கள் விடுபடுவார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் கேட்டது. வேலைநேரத்தில் அங்கே போக எத்தனை முறை ஆள் மாற்றி விடுகிறார்கள் என்பதும் கேள்விப் படிவத்தில் இடம்பெற வேண்டியதே. காலை ஷிப்டில் நிற்பவருக்குக் காலை வெளிநோயாளர் பிரிவு திறந்திருந்தும் மூடியதே. மௌனம்தான் காரணம் என்றால், மாலையில் ஒரு பெண் மருத்துவரைத் தடுப்புத் திரையோடு உட்கார வைத்தாலும் வருகை மாறக் கூடாது. வழியின்மைதான் காரணம் என்றால் மாற வேண்டும். இரு விளக்கங்களையும் ஒரே களத்தில் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய ஏற்பாடு தேவைப்படாது.