ஆயுட்கால உறவு: அமெரிக்கக் கறுப்பின மாணவர்களின் சகோதர சங்கங்கள், 1906–1990

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1904–05 கல்வியாண்டில் படித்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் மறு ஆண்டு திரும்பி வரவில்லை. எஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலரே. வகுப்பில் உட்கார அவர்களுக்குத் தடை இல்லை. வகுப்பு முடிந்தபின் எங்கே போவது என்பதுதான் சிக்கல். ஆண் மாணவர்களுக்குப் போதுமான விடுதிகளைப் பல்கலைக்கழகம் கட்டியிருக்கவில்லை. வெள்ளை மாணவர்களில் வசதியானவர்கள் ஃபிரட்டர்னிட்டி எனப்படும் சகோதர சங்கங்களின் வீடுகளில் தங்கினார்கள். உணவு, நட்பு, பழைய பாடக் குறிப்புகள், மூத்தோர் அறிவுரை எல்லாம் அங்கேயே கிடைத்தன. கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் குன்றின் கீழே, நகரத்தில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் வாடகைக்கு இருந்தார்கள். சிலர் சங்க வீடுகளுக்குள் தினமும் போய்வந்தார்கள், உணவு பரிமாறும் வேலையாட்களாக.

அந்தப் பரிமாறும் வேலை இந்த வரலாற்றில் முக்கியமான இடம் பெறுகிறது. சகோதர சங்கம் தன் உறுப்பினனுக்கு என்ன தருகிறது என்பதை அவர்கள் அருகிலிருந்து பார்த்தார்கள். தம்மை ஒதுக்கிய அமைப்பின் வடிவத்தையே எடுத்து, அதில் உறுப்பினர் என்ற உறவின் காலவரையறையை மாற்றினார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். படிப்போடு தளர்ந்துவிடும் உறவை ஆயுள் முழுவதற்குமாக நீட்டினார்கள். சங்கங்களின் பெரும் பணிகளும், பின்னாளில் அவற்றைக் கறைப்படுத்திய வன்முறையும் இந்த நீட்சியிலிருந்தே கிளைத்தன.

கடன் வாங்கிய வடிவம்

கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடும் வழக்கம் 1776 டிசம்பர் 5 அன்று தொடங்கியது. வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி ஃபை பீட்டா கப்பா சங்கத்தை அமைத்தார்கள். இரகசிய உறுதிமொழி, கைகுலுக்கும் முறை, பதக்கம் ஆகியவற்றோடு தொடங்கிய அது பிற்காலத்தில் இரகசியத்தைக் கைவிட்டுக் கல்விச் சிறப்புக்கான அமைப்பாக மாறியது. இன்று சகோதர சங்கம் என்றதும் அமெரிக்கர்கள் நினைக்கும் வடிவம் ஸ்கெனெக்டடி நகரின் யூனியன் கல்லூரியில் உருவானது. அங்கே 1825இல் கப்பா ஆல்ஃபாவும் 1827இல் சிக்மா ஃபையும் டெல்டா ஃபையும் தோன்றின. நிர்வாகத்தின் கண்டிப்பான மேற்பார்வையிலிருந்து விலகி, தங்களுக்குள் தாங்களே தேர்ந்துகொண்ட ஒரு சிறு வட்டத்தில் இளைஞர்கள் கூடினார்கள். யாரைச் சேர்ப்பது என்பதை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களே முடிவு செய்வார்கள். விலக்கும் அதிகாரம் இந்த அமைப்பில் பிறவியிலேயே இருந்தது.

கார்னெலின் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் வொயிட் தம் மாணவப் பருவத்திலேயே இத்தகைய சங்கங்களில் உறுப்பினராக இருந்தவர்; அவற்றுக்கு ஆதரவு தந்தவர். 1868இல் பல்கலைக்கழகம் திறந்த காலம் முதலே அங்கே சங்கங்கள் வேரூன்றின. சேர்ப்புச் சடங்குகளின் ஆபத்தும் கூடவே வந்தது. 1873இல் கப்பா ஆல்ஃபாவின் சேர்ப்பு நிகழ்வின்போது இரவில் ஒரு மாணவர் மலையிடுக்கில் விழுந்து இறந்தார்.

இலக்கியக் கழகமா, சகோதர சங்கமா?

1905–06இல் கார்னெலின் கறுப்பின மாணவர்கள் முதலில் ஒரு படிப்பு வட்டமாகக் கூடினார்கள். ஒருவருக்கொருவர் பாடத்தில் உதவுவதும், இத்தாக்காவின் கறுப்பினக் குடும்பங்களோடு உறவாடுவதும் அதன் நோக்கங்கள். அதற்குத் தலைமை ஏற்ற சி. சி. பாயின்டெக்ஸ்டர் அது இலக்கியக் கழகமாகவே இருக்க வேண்டும் என்றார். இளையவர்களில் சிலர் சகோதர சங்கமே வேண்டும் என்றனர். இந்தச் சர்ச்சையைப் பெயர்ப் பலகைச் சண்டையாகப் படிப்பது பிழை என்பது என் கருத்து. கழகம் என்பது விருப்பமுள்ள எவரும் வந்து, விருப்பம் தீர்ந்ததும் போகும் இடம். ஆறு பேர் ஒரே ஆண்டில் காணாமல் போனதைப் பார்த்தவர்கள், போக முடியாதபடி ஒருவரை ஒருவர் கட்டிவைக்கும் உறவை விரும்பினார்கள். எதிர்த்தவர்களின் நியாயமும் சிறிதல்ல: வெள்ளையர் சங்கம் எதற்காகக் கண்டிக்கப்படுகிறதோ அதையே நாமும் செய்வதா?

1906 டிசம்பர் 4 அன்று சகோதர சங்கத் தரப்பு வென்றது. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா பிறந்தது. நிறுவனர்களாக ஏழு பேர் போற்றப்படுகிறார்கள்: ஹென்றி கேலிஸ், சார்ல்ஸ் சாப்மன், யூஜீன் கின்கிள் ஜோன்ஸ், ஜார்ஜ் கெல்லி, நத்தானியேல் மர்ரி, ராபர்ட் ஓகிள், வெர்ட்னர் டான்டி. இவர்களில் கேலிஸ் பின்னர் மருத்துவரானார். ஜோன்ஸ் தேசிய நகர்ப்புறக் கழகத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் வழிநடத்தினார். நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞரான டான்டி, தொழிலதிபர் மேடம் சி. ஜே. வாக்கருக்காக ஹட்சன் ஆற்றங்கரையில் மாளிகை வடிவமைத்தவர்.

ஓராண்டுக்குள் சங்கம் கார்னெலைத் தாண்டியது. 1907 டிசம்பரில் வாஷிங்டனின் ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் இரண்டாவது கிளை அமைந்தது. ஹோவார்டு கறுப்பின மாணவர்களுக்கான கல்வி மையம். அங்கே வெள்ளையர் சங்கம் என்ற மூடிய கதவு எதிரே இல்லை. ஆகவே ஒதுக்கலுக்கு எதிர்வினை என்ற விளக்கம் ஹோவார்டுக்கு முழுவதும் பொருந்தாது. கல்வி பெற்ற ஒரு சிறு வகுப்பார் தம்மை அடையாளம் காணவும், பொறுப்பேற்கவும், சற்றே உயர்த்திக்கொள்ளவும் வழி தேடியதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மாணவியரின் பங்கை இந்த வரலாற்றின் இணைப்பாக மட்டும் எழுதிவிடும் வழக்கம் உண்டு. அது நியாயமல்ல. 1908 ஜனவரி 15 அன்று எத்தல் ஹெட்ஜ்மன் முன்முயற்சியில் ஹோவார்டில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா தொடங்கியது. கறுப்பினக் கல்லூரி மாணவியரின் முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அதுவே. சங்கம் பொதுவாழ்வில் இன்னும் துணிந்து இறங்க வேண்டும் என்று கருதிய 22 மாணவியர் 1913 ஜனவரியில் டெல்டா சிக்மா தீட்டாவை நிறுவினார்கள். மார்ச் 3 அன்று வாஷிங்டன் தெருக்களில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் அவர்கள் நடந்தார்கள். தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத மாணவியர் அமைப்பு, கறுப்பினப் பெண்களைப் பின்னால் நிறுத்த விரும்பியவர்களும் கலந்திருந்த ஊர்வலத்தில் எடுத்து வைத்த அடி அது. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் பெயர் நம்மவர்க்கு வேறொரு வழியில் எட்டியது: சென்னைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் ஹோவார்டில் படித்தபோது சேர்ந்த சங்கம் இதுதான்.

பிற சங்கங்களும் அடுத்தடுத்து எழுந்தன. வெள்ளை மாணவர் நிறைந்த இந்தியானா பல்கலைக்கழகத்தில் எல்டர் வாட்சன் டிக்ஸ் முதலியோர் 1911 ஜனவரியில் தொடங்கியது இன்று கப்பா ஆல்ஃபா சை. அதே ஆண்டு நவம்பரில் ஹோவார்டில் மூன்று மாணவர்களும் உயிரியல் அறிஞர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்டும் ஒமேகா சை ஃபையை உருவாக்கினார்கள். 1914இன் ஃபை பீட்டா சிக்மா, தேர்ந்த சிலரின் வட்டமாக இராமல் பொதுச் சமூகத்தின் பகுதியாக இருப்போம் என்று அறிவித்தது. உறுப்பினர் தகுதி பற்றிய உள்விவாதம் அந்த அறிவிப்பில் கேட்கிறது. 1920இல் சீட்டா ஃபை பீட்டாவும், 1922இல் பட்லர் பல்கலைக்கழகத்தில் சிக்மா காமா ரோவும் சேர்ந்தன. 1930இல் இவற்றுக்கான தேசியப் பேரவை அமைந்தது. 1963இல் பால்டிமோரில் தோன்றிய அயோட்டா ஃபை தீட்டாவோடு எண்ணிக்கை ஒன்பது.

பட்டம் பெற்ற பின்னும்

திருப்புமுனை என நான் கருதுவது 1911இல் கென்டக்கியின் லூயிவில் நகரில் அமைந்த ஆல்ஃபாவின் பட்டதாரிக் கிளை. வெள்ளையர் சங்கங்களிலும் பழைய மாணவர்கள் இருந்தார்கள். நன்கொடை தந்தார்கள், ஆண்டு விழாவுக்கு வந்தார்கள். சங்கத்தின் உயிர் கல்லூரி வீட்டிலேயே இருந்தது. கறுப்பினப் பட்டதாரிக்கோ கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் ஒதுக்கல் இன்னும் கடுமையானது. மருத்துவச் சங்கம், வழக்கறிஞர் மன்றம், விடுதி, மனமகிழ் மன்றம் என எங்கும் தடை. புதிய ஊருக்குப் போகும் ஆசிரியருக்குத் தங்க இடமும் அறிமுகமும் தேவைப்பட்டன. பட்டதாரிக் கிளை அந்தத் தேவையை நிறைவேற்றியது. படிக்கும் காலத்தில் சேராதவரும் பட்டம் பெற்றபின் அதன் வழியாக உறுப்பினராகலாம். மார்ட்டின் லூதர் கிங் 1952இல் பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில்தான் ஆல்ஃபாவில் சேர்ந்தார்.

இப்படிச் சேர்ந்த பணமும் தொழில்திறனும் எங்கே போயின? 1935இல் மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, டொனால்ட் கெய்ன்ஸ் மர்ரியை இனத்தின் பேரால் ஏற்க மறுத்தது. வழக்குக்குத் தொடக்கத்திலேயே துணை நின்றது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. வாதாடிய சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனும் தர்குட் மார்ஷலும் அதே சங்கத்தவர்கள். பால்டிமோர் நீதிமன்றம் மர்ரியைச் சேர்க்க உத்தரவிட்டது. 1936 ஜனவரியில் மேல்முறையீட்டு மன்றமும் அதை உறுதி செய்தது. 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினையைத் தகர்த்த தீர்ப்புக்கு இட்டுச் சென்ற வழக்குகளின் வரிசையில் இதற்கு முன்னிடம் உண்டு. அதே ஆண்டுகளில், 1935 முதல் 1942 வரை, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா உறுப்பினர்கள் மருத்துவர் டாரதி ஃபெரிபீ தலைமையில் கோடைதோறும் மிசிசிப்பியின் பருத்திப் பகுதிக்குப் போனார்கள். தோட்ட முதலாளிகள் தொழிலாளரை மருத்துவ முகாமுக்கு அனுப்ப மறுத்தபோது, கார்களையே மருந்தகமாக்கி வயல்களுக்குச் சென்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். மாணவப் பருவ நட்பு வட்டம் ஒன்று ஒரு அரசு செய்யத் தவறியதை இவ்வளவு தூரம் தோளில் ஏற்றிய வேறு எடுத்துக்காட்டு அமெரிக்கக் கல்வி வரலாற்றில் எளிதில் கிடைக்காது.

ஆயினும் உள்ளிருந்தே கண்டனம் எழுந்தது. சமூகவியலாளர் ஈ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் 1957இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘பிளாக் பூர்ஷ்வா’ நூலில் இச்சங்கங்களின் ஆடம்பரத்தையும் மேட்டிமையையும் கடுமையாகச் சாடினார். அந்தச் சாட்டை நியாயமானதே. அவர் பார்த்தது விருந்து மண்டபத்தை. மிசிசிப்பி வயலையும் அருகில் வைத்துப் பார்த்தால்தான் படம் முழுமை பெறும்.

வெள்ளையர் சங்கங்களில் இதே காலத்தில் வேறொரு போராட்டம் நடந்தது. பல தேசியச் சங்கங்களின் விதிகள் உறுப்பினரின் இனத்தையும் மதத்தையும் வரையறுத்தன. 1948இல் ஆமர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்க முன்வந்தது. தேசியத் தலைமை கிளையையே விலக்கிவிட்டது. 1953இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு, இனப்பாகுபாடு காட்டும் சங்கங்களோடு தேசியச் சங்கங்களின் கிளைகளையும் தன் வளாகங்களில் தடை செய்தது. ஆல்ஃபா தன் விதியிலிருந்த இனச் சொல்லை 1940களிலேயே நீக்கியிருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் கதவைத் திறந்ததும், ஒதுக்கியவர்கள் கதவைக் காத்ததும் ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தன.

நுழைவின் விலை

ஆயுள் முழுதும் நீடிக்கும் உறவுக்கு எளிதில் நுழையக் கூடாது என்ற எண்ணம் ஆழமாக வேர்விட்டது. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் சங்கங்களில் சேரக் காத்திருப்போருக்கான தனிக் குழுக்கள் அமைந்தன. வரலாற்றுப் பாடம், ஒரே மாதிரி உடை, வரிசை நடை, மூத்தோருக்குப் பணிவிடை எனத் தொடங்கிய பயிற்சி, தலைமுறைக்குத் தலைமுறை கடுமையாகி அடியாகவும் உதையாகவும் மாறியது. நாம் ராகிங் என்று அறிந்திருப்பதிலிருந்து இது ஒரு விதத்தில் வேறுபடுகிறது: தாங்குபவர் தாமே விரும்பி வருகிறார், தாங்கி முடித்ததைப் பெருமையாகச் சொல்கிறார். அந்த விருப்பமே அவரைக் காக்கவொட்டாமல் செய்கிறது. 1989இல் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் ஆல்ஃபாவில் சேர முயன்ற மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 1990இல் தேசியப் பேரவையின் சங்கங்கள் காத்திருப்புக் காலத்தையே ஒழித்தன. விண்ணப்பம், நேர்காணல், குறுகிய பயிற்சி, சேர்ப்புச் சடங்கு என்ற புதிய முறை வந்தது.

முறை மாறியது, மதிப்பீடு மாறவில்லை. இந்தப் பழக்கத்தின் வரலாற்றை 2003இல் நூலாக எழுதிய வால்டர் கிம்பரோ காட்டுவதுபோல், தடைக்குப்பின் வதை தலைமறைவானது. மேலிடத்தின் மேற்பார்வை போனதால் சில இடங்களில் அது மேலும் கொடியதானது. 1994இல் தென்கிழக்கு மிசூரி மாநிலப் பல்கலைக்கழகத்தில் கப்பா ஆல்ஃபா சையில் சேர வந்த மாணவர் அடிபட்டு இறந்தார். புதிய முறையில் முழு உரிமையோடு சேர்ந்தவர்களை மூத்தோர் சிலர் ‘பேப்பர்’ என்று இகழ்கிறார்கள். அவர்கள் கைகுலுக்கலை ஏற்பதில்லை, வரிசை நடனத்தில் இடம் தருவதில்லை. அந்த இகழ்ச்சியைத் தாங்க முடியாமல், உறுப்பினரான பின்பும் பழைய முறையில் தம்மை வதைக்கும்படி தாமே போய்க் கேட்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆயுட்கால உறவு என்ற வாக்குறுதியை நம்பி வந்தவர்கள் அவர்கள். சங்கத்தின் சான்றிதழால் மட்டும் அந்த உறவு கிடைத்துவிடாது என்பதை முதல் ஆண்டிலேயே கண்டுகொள்கிறார்கள்.