பிழையின் அரசியல்: முதலாண்டு எழுத்து வகுப்பின் வரலாற்றை முன்வைத்து

கல்லூரியில் சேர்ந்த முதல் மாசம் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். தலைப்பு 'என் கிராமம்'. பன்னிரண்டு வருசம் தமிழ்லயே படிச்சுட்டு வந்தவன் நான். எங்க ஊர்ல கண்மாய்க்கு இந்தப் பக்கம் ஒரு தெரு, அந்தப் பக்கம் ஒரு தெரு. எந்தப் படித்துறையில யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாதுங்கிறதைத்தான் தெரிஞ்ச ஆங்கிலத்தில் எழுதினேன். நோட்டு திரும்பி வந்தபோது பக்கம் முழுக்கச் சிவப்பு மை. கீழே வட்டம் போட்டு 37 என்று பிழைகளின் எண்ணிக்கை. படித்துறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஏம்ப்பா, இதெல்லாம் ஸ்கூல்லயே கத்துக்கிட்டு வந்திருக்க வேண்டாமா?" என்றார் பேராசிரியர். அவர் கெட்டவரில்லை. அந்த வாக்கியம் அவருடையதும் இல்லை.

அதற்கு ஒரு வரலாறு உண்டு என்பது பல வருசம் கழித்து, அமெரிக்கக் கல்லூரிகளின் எழுத்து வகுப்பு பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், பழைய கட்டாயப் பாடங்களைத் தளர்த்தி, மாணவரே பாடத்தைத் தேர்ந்துகொள்ளும் முறையை வளர்த்தவர். ஆனால் அவர் காலத்தில்தான் வாசலில் புதிதாக ஒரு தடுப்பும் வந்தது. 1874இல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை சேர்க்கப்பட்டது. ஷேக்ஸ்பியர், ஸ்காட் போன்றவர்களின் நூல்களிலிருந்து தலைப்பு தருவார்கள். எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம் எல்லாம் பார்ப்பார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளே அதில் தடுமாறினார்கள். முன்னாள் பத்திரிகையாளரான ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் வகுத்த எழுத்துப் பாடம் 1885இல் முதலாண்டுக்கு நகர்த்தப்பட்டது. 'இங்கிலீஷ் ஏ' என்று பெயர். மற்றவை விருப்பப் பாடங்களாக மாறிக்கொண்டிருந்தபோது இது மட்டும் கட்டாயமாக நின்றது. பிற கல்லூரிகளும் இதே அச்சில் வார்த்துக்கொண்டன.

1892இல் ஹார்வர்டின் மேற்பார்வைக் குழு சார்பில் மூன்று பேர் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒருவர் ரயில்வே கம்பெனித் தலைவராக இருந்த சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ். இன்னொருவர் பத்திரிகை ஆசிரியர் காட்கின். மூன்றாமவர் ஜோசையா குவின்சி. அறிக்கையின் சாரம் இதுதான்: மலைமலையாக மாணவர் கட்டுரைகளைத் திருத்துவது பல்கலைக்கழகத்தின் வேலையல்ல, பள்ளிக்கூடம் செய்திருக்க வேண்டிய வேலை. என் பேராசிரியரின் வாக்கியம் நூறு வருசத்துக்கு முன்பே அச்சேறியிருந்தது!

இங்கே நடந்ததை இப்படி வாசிக்கலாம். எழுத்திலிருந்து சொல்லப்படும் விஷயம் பிரித்தெடுக்கப்பட்டு, பிழை மட்டும் தனிப் பொருளாகக் கட்டமைக்கப்படுகிறது. பிழையை எண்ண முடியும். எண்ண முடிந்தால் தரவரிசை போட முடியும். தரவரிசை போட முடிந்தால் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற கேள்விக்கு 'தகுதி' என்று மரியாதையான ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது.

இந்தத் தர்க்கத்தை நேருக்கு நேர் கேள்விக்குட்படுத்திய இடம் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருக்கிற சிட்டி காலேஜ். 1847இல் தொடங்கிய இலவசக் கல்லூரி. ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்டதுதான். ஆனால் 1960களில் சுற்றியிருந்த கறுப்பின, புவெர்ட்டோ ரிக்க மக்களின் பிள்ளைகளுக்கு மதிப்பெண் என்ற மதில் குறுக்கே நின்றது. 1965இல் 'சீக்' திட்டத்தின் தொடக்க வடிவம் வந்தது. அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து, உதவித்தொகையும் எழுத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்த வகுப்புகளை எடுத்தவர்களைப் பாருங்கள்: ஆட்ரே லார்ட், ஜூன் ஜோர்டன், டோனி கேட் பம்பாரா, ஏட்ரியன் ரிச். அடிப்படை இலக்கண வகுப்பு என்று மற்றவர்கள் ஒதுக்கிய வேலைக்குக் கவிஞர்களும் கதைக்காரர்களும் வந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

1969 ஏப்ரலில் கறுப்பின, புவெர்ட்டோ ரிக்க மாணவர்கள் கல்லூரியின் தென்வளாகத்தைக் கைப்பற்றி, அதற்கு ஹார்லெம் பல்கலைக்கழகம் என்று பெயர் சூட்டினார்கள். நகரத்துப் பள்ளிகளில் எந்த விகிதத்தில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்களோ அந்த விகிதத்தில் இங்கேயும் இருக்க வேண்டும் என்பது அவர்களின் ஐந்து கோரிக்கைகளில் ஒன்று. இடஒதுக்கீட்டு விவாதங்களில் வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1975க்கென்று திட்டமிட்டிருந்த திறந்த சேர்க்கை 1970லேயே அமலுக்கு வந்தது. நகரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த எவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் உண்டு. அந்த ஆண்டு நுழைந்தவர்கள் சுமார் 35,000 பேர். வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இதில் பெருமளவில் பயனடைந்தார்கள் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அங்கே எழுத்துத் திட்டத்தை நடத்தியவர் மினா ஷாக்னெஸி. 1970 முதல் 1974 வரை புது மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். 1977இல் வந்த அவருடைய நூலின் பெயரே 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' என்று பொருள்படும். அவர் கண்டுகொண்டது எளிய விஷயம்தான். இந்தப் பிள்ளைகள் முட்டாள்களும் இல்லை, சோம்பேறிகளும் இல்லை. எழுத்து உலகத்துக்குப் புதியவர்கள், அவ்வளவுதான். அவர்கள் செய்கிற பிழைக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது, பாதி கற்ற விதியை முழுசாகப் பிரயோகிக்கிற ஒரு சிந்தனை இருக்கிறது. ஆகவே திருத்துவதற்கு முன்னால் வாசிக்கணும். மாணவரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்ற கேள்வி, ஆசிரியரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று திரும்புகிறது.

ஷாக்னெஸியைப் புனிதராக்கவும் வேண்டாம். 1991இல் மின்-ஷான் லூ அவர்மீது கூர்மையான விமர்சனத்தை வைத்தார். மொழி வெறும் கருவி, புதிய மொழியைக் கற்பது மாணவரின் சிந்தனையையும் சார்பையும் தொடாது என்று ஷாக்னெஸி நம்பிவிட்டார் என்பது லூவின் வாதம். சரியான கேள்விதான். கல்லூரி மொழியில் எழுதக் கற்றபோது நானும் படித்துறையைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டேனே! ஆனால் 'உங்க மொழியே போதும்' என்று சொல்லி அந்தக் கல்லூரி மொழியை எங்களுக்குத் தராமல் வைத்துக்கொள்வதும் இன்னொரு வகை மேலாதிக்கம்தான்.

இந்தச் சிக்கல் ஏட்டுச் சிக்கல் அல்ல. 1974இல் கல்லூரி எழுத்து ஆசிரியர்களின் அமைப்பு, சொந்த மொழி வழக்கு மாணவரின் உரிமை என்று தீர்மானம் போட்டது. பத்தாண்டு கழித்து, ஸ்டோனி புரூக்கில் கறுப்பு ஆங்கிலம் பற்றி ஜூன் ஜோர்டன் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, மாணவர் ஒருவரின் சகோதரரை போலீஸ் சுட்டுக் கொன்றது. கண்டனக் கடிதத்தை எந்த ஆங்கிலத்தில் எழுதுவது? வகுப்பு விவாதித்தது, கறுப்பு ஆங்கிலத்தில்தான் என்று முடிவெடுத்தது. அதனாலேயே பத்திரிகைகள் போடாது என்று தெரிந்தேதான் எழுதினார்கள். எந்தப் பத்திரிகையும் போடவில்லை. ஜோர்டன் 1985இல் கட்டுரையாகவே இதைப் பதிவு செய்தார். யார் மொழியில் எழுதுகிறோம் என்பதும் யார் நம்மை வாசிக்க மறுப்பார்கள் என்பதும் ஒரே கேள்வி என்பதை இதைவிட அப்பட்டமாகக் காட்டிய வகுப்பை நான் அறியேன்.

அப்புறம் என்ன ஆச்சு? 1976இல் நகரம் கடனில் மூழ்கியது. பல்கலைக்கழகமே இரண்டு வாரம் மூடப்பட்டது. 1847இலிருந்து இலவசமாக இருந்த படிப்புக்குக் கட்டணம் வந்தது. ஆசிரியர்கள் கூட்டங்கூட்டமாக நீக்கப்பட்டார்கள். 1978இல் எழுத்துத் தேர்வு ஒன்று எல்லோருக்கும் வந்தது. ஷாக்னெஸி இறந்ததும் அந்த ஆண்டில்தான். 1999இல் நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை எடுத்துவிட வாரியம் முடிவெடுத்தது. 'தரம்' போய்விட்டது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. காசு குறையும்போதெல்லாம் தரம் நினைவுக்கு வருவது தற்செயல் அல்ல.

1992இல் பாமாவின் 'கருக்கு' பேச்சுமொழியில் வந்தபோது இங்கேயும் சிலர் முகம் சுளித்தார்கள். வகுப்பில் 'கொச்சை' என்று சுழிக்கப்பட்ட சொற்கள் புத்தகமாகி நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் சிவப்பு மை நோட்டு அப்போது கையில் இல்லை. விடுதியை விட்டுக் கிளம்பும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

இப்போது நானே முதலாண்டுக்கு எழுத்து வகுப்பு எடுக்கிறேன். இலக்கணம் சொல்லித் தருகிறேன். அது அவர்களுக்கு வேணும், கேட்டு வாங்கவும் செய்கிறார்கள். ஆனால் முதல் கட்டுரையைப் பேனா இல்லாமல் ஒரு முறை படிப்பது என்று வைத்திருக்கிறேன். அறுபது பேர் வகுப்பில் இது முழுசாக நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாற்பதாவது நோட்டில் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடுகிறது. 1892 அறிக்கை எழுதியவர்களின் சலிப்பு எனக்கும் புரிகிறது. அவர்கள் அந்தச் சலிப்புக்குப் பள்ளிக்கூடத்தையும் பிள்ளைகளையும் குற்றம் சொன்னார்கள். இருபது பேருக்கு ஒரு ஆசிரியர் வேணும் என்று நாம் நிர்வாகத்தைக் கேட்கலாம். போன வாரம் ஒரு பெண் எழுதியிருந்தாள், அவங்க ஊர்த் தண்ணித் தொட்டியைப் பற்றி. பிழைகள் இருந்தன, எண்ணவில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: அந்தத் தொட்டிச் சாவி யார் கையில் இருக்கிறது?