ஐப்பசியில் தொடங்கும் ஓட்டம்

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு முழு மாரத்தான் ஓடவேண்டும் என்றால் பதினாறு வாரம் முன்பே பயிற்சியைத் தொடங்கவேண்டும். எந்தப் பயிற்சி அட்டவணையை எடுத்தாலும் ஏறக்குறைய இதுதான் கணக்கு. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு நாள்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டினால், அந்தப் பதினாறாவது வாரம் ஐப்பசித் தொடக்கத்தில் போய் விழுகிறது. வடகிழக்குப் பருவமழை கரையேறுகிற அதே வாரம். ஐரோப்பியன் வசந்தகாலப் பந்தயத்துக்குப் பனியில் பயிற்சி செய்வான். நாம் அடைமழையில் பயிற்சி செய்து வெயிலில் ஓடுவோம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பழைய கதை. மாராத்தான் போர்க்களத்திலிருந்து ஏதென்ஸுக்கு ஓடிவந்து வெற்றிச் செய்தி சொல்லிச் செத்து விழுந்த தூதன் ஹெரோடோட்டஸின் நூலில் இல்லை. அவர் சொல்வது ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு, ஏறக்குறைய 240 கிலோமீட்டர், உதவி கேட்டு ஓடிய ஃபைடிப்பிடஸை. செத்து விழும் தூதன் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த எழுத்தாளர்களின் கைவண்ணம். அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு, 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒரு நெடுந்தூர ஓட்டம் வைக்கலாம், வெல்பவருக்கு வெள்ளிக்கோப்பை தருகிறேன் என்று சொன்னவர் மிஷேல் ப்ரெயால் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் விளையாட்டு வீரர் இல்லை, மொழியியலாளர். சொற்களின் பொருளை ஆராயும் துறைக்கு ‘செமாண்டிக்’ என்று பெயர் வைத்தவரே அவர்தான். மாரத்தான் என்பது ஒரு சொல்லாராய்ச்சிக்காரருக்கு உதித்த யோசனை! இலக்கியம் படிக்கிறவர்கள் தாராளமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

யோசனை அழகாகத்தான் இருந்தது. ஆனால் வானிலையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. 1900 பாரீஸில் ஜூலை 19 அன்று, மதியம் இரண்டரை மணிக்கு ஓட்டத்தைத் தொடங்கினார்கள். வெயில் 35 டிகிரிக்கு மேல். கிட்டத்தட்ட பாதிப்பேர் வந்து சேரவில்லை. 1904 செயின்ட் லூயிஸ் இன்னும் மோசம். 32 டிகிரி வெயில், புழுதிச் சாலை, முன்னும் பின்னும் போன கார்கள் கிளப்பிய தூசி. தண்ணீரைக் குறைத்தால் உடம்பு எப்படித் தாங்கும் என்று பார்க்கும் ஆசை அமைப்பாளருக்கு இருந்தது. வழியில் தண்ணீருக்கு என்று இருந்தது ஒரே ஒரு கிணறு. வென்ற தாமஸ் ஹிக்ஸுக்குப் பாதியில் ஸ்ட்ரிக்னின் கொடுத்தே ஓடவைத்தார்கள். ஆமாம், எலிக்கு வைக்கும் விஷம். 32 பேர் தொடங்கி 14 பேர் முடித்தார்கள். அந்தப் பதினான்கில் இரண்டு பேர் லென் டாவ், யான் மாஷியானி என்ற தென்னாப்பிரிக்கர்கள். அங்கே நடந்த கண்காட்சியில் போயர் போரை நடித்துக்காட்டும் நாடகத்துக்காக வந்திருந்தவர்கள். ஒலிம்பிக்கில் ஓடிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர்கள் இப்படிக் கண்காட்சிக் கொட்டகையிலிருந்துதான் வந்தார்கள்.

இந்தியாவிலிருந்து முதலில் போனவர்கள் ஃபடெப்பா சௌகுலேயும் சதாசிவ் தாத்தரும். 1920, ஆன்ட்வெர்ப். புனேயில் டெக்கான் ஜிம்கானா நடத்திய போட்டிகளைப் பார்த்துவிட்டு, இவர்களை அனுப்பலாம் என்று தோராப்ஜி டாட்டா பணம் போட்டார். நம்மூர் வெயிலில் ஓடிப் பழகிய சௌகுலே பெல்ஜியத்தின் குளிர்ச்சாரலில் 42.75 கிலோமீட்டர் ஓடினார். ஆமாம், அந்த வருடம் தூரம் கொஞ்சம் கூடுதல், 42.195 என்று நிலைத்தது அடுத்த ஆண்டுதான். 2 மணி 50 நிமிடத்தில் முடித்து 19ஆவது இடம். தாத்தர் முடிக்கவில்லை. பள்ளிக்கூடப் பாடத்தில் சௌகுலேயின் பெயர் எங்கேயும் நான் பார்த்ததில்லை.

எனக்கு இதில் நெருக்கமான கதை பிரான்சினுடையது. காரணம் நான் ஓடும் சாலை. கடற்கரைச் சாலையில் மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். ஒன்றரை கிலோமீட்டர் நீளம். முப்பது கிலோமீட்டர் ஓடவேண்டிய நாளில் இருபது தடவை அதே டூப்ளே சிலை, அதே பழைய கலங்கரை விளக்கம், அதே காந்தி சிலை, அதே பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம். முதல் உலகப்போரில் பிரான்சுக்காகச் செத்த இந்த ஊர்க்காரர்களுக்காக 1938இல் திறந்தது. இருபது தடவை கடந்தால் யாருக்கும் கேள்வி வரும்: இவர்கள் யார் வீட்டுச் சண்டைக்குப் போனார்கள்?

பிரான்சுக்கு ஒலிம்பிக் மாரத்தானில் மூன்று தங்கம். 1900இல் வென்ற மிஷேல் தெயாட்டோ லக்சம்பர்க்கில் பிறந்தவர். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் வென்ற புகேரா எல் வாஃபி அல்ஜீரியர். பிரெஞ்சுப் படையில் இருந்தவர், பிறகு ரெனோ கார் தொழிற்சாலைத் தொழிலாளி. தங்கம் வாங்கியபின் அமெரிக்காவுக்குப் போய்க் காசுக்கு ஓடினார். அது குற்றம் என்று தொழில்முறை ஓட்டக்காரர் முத்திரை குத்தி ஒதுக்கிவிட்டார்கள். ஒரு தொழிலாளி தன் காலை வைத்துச் சம்பாதித்ததுதான் குற்றம்! வறுமையில் மறக்கப்பட்டு, 1959இல் பாரீஸ் அருகே சுட்டுக்கொல்லப்பட்டார்.

மூன்றாமவர் அலென் மிமூன். அவரும் அல்ஜீரியாவில் பிறந்தவர். 1944இல் மான்டே கஸினோ போரில் காலில் காயம். ஒலிம்பிக்கில் மூன்று முறை எமில் ஸாட்டோபெக்குக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர். 1956 டிசம்பர் 1, மெல்போர்னில் கோடைவெயில். 35 வயதில் முதல் மாரத்தான், மார்பில் எண் 13. அங்கே தவறான தொடக்கம் நடந்து, எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு மறுபடி ஓடவிட்டார்கள். மாரத்தானில் அரை நொடி முந்தி என்ன செய்யப் போகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மிமூன் 2 மணி 25 நிமிடத்தில் முடித்துவிட்டு, ஸாட்டோபெக்குக்காகக் காத்து நின்றார். ஸாட்டோபெக் ஆறாவதாக வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பாரீஸ் திரும்பியதும், மறந்துபோன எல் வாஃபியைத் தேடிக் கண்டுபிடித்து ஜனாதிபதி மாளிகை விருந்துக்குக் கூட்டிப்போனவரும் மிமூன்தான்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்காக: பிரெஞ்சுப் படையில் வேலைபார்த்து ஓய்வூதியம் வாங்குபவர்களை இங்கே சொல்தா என்போம். ஒருநாள் மிமூன் கதையைச் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“அந்த ஆளு மெடல் வாங்கசொல்ல நாங்க அவன் ஊர்லதான் துப்பாக்கி புடிச்சிக்கினு நின்னோம். ரேடியோல சொன்னான். கை தட்டுனோம்” என்றார். கொஞ்சநேரம் கழித்து, “யாருக்குத் தட்டுனோம்னு அப்ப யோசிக்கல” என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. 1956இல் புதுச்சேரி ஏற்கெனவே இந்தியாவின் கையில். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் மாறிவிட்டது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான். அந்த இடைவெளியில் இந்த ஊர்ப் பையன்கள் அல்ஜீரிய வெயிலில் காவல் நின்றார்கள். அல்ஜீரியப் பையன் ஆஸ்திரேலிய வெயிலில் பிரான்சுக்காக ஓடினான்.

சரி, வெயிலை விட்டு மழைக்கு வருவோம். இந்த ஊரின் வரலாற்றைப் புயல்களை வைத்தே எழுதிவிடலாம். 1760இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்தார்கள். உள்ளே பட்டினி. 1761 ஜனவரி 1 அன்று அடித்த புயல் ஆங்கிலேயக் கப்பல்களை நொறுக்கியது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கவர்னர் லாலிக்குக் கடவுளே வந்த மாதிரி. உடனே படகில் அரிசி அனுப்பு என்று பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சுப் பிரதிநிதிக்கு அவசரக் கடிதம் எழுதினார். கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. சில நாளில் வேறு கப்பல்கள் வந்து நின்றன. மாத நடுவில் ஊர் விழுந்தது. ஃபைடிப்பிடஸின் கதை நமக்குத் தெரியும். அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு புயல் ஓய்ந்த சேற்றில் போனவன் யார் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு நாட்குறிப்பில் கடிதம் வந்துசேர்ந்த நேரங்களையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் அதே மாதம் இறந்துபோனார்.

1916 கார்த்திகையில் இன்னொன்று. பாரதி அப்போது இங்கேதான் இருந்தார். ‘புயற்காற்று’ என்ற கவிதைக்கு நள வருஷம், கார்த்திகை 8, புதன் இரவு என்று தேதி போட்டே எழுதினார். பிழைத்து நின்ற ஒரு தென்னந்தோப்பைப் பற்றித் தனிக்கவிதையே இருக்கிறது. 1952 புயலில் பழைய இரும்புப் பாலம் போனது. அதன் துருப்பிடித்த கால்கள் இன்னும் கடலில் நிற்கின்றன. 2011 டிசம்பர் 30 தானே புயல். அப்புறம் ஃபெஞ்சல்.

2024 நவம்பர் கடைசி வாரம் என் அட்டவணையில் ஆறாவது வாரம். ஞாயிறன்று 24 கிலோமீட்டர். புயல் வரும் என்றார்கள். பிறகு 28ஆம் தேதி, புயலாக மாறாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்றார்கள். 29ஆம் தேதி புயலாகிவிட்டது. மூன்று நாளில் மூன்று முன்னறிவிப்பு. வானிலைக்காரர்களைக் கிண்டலடிப்பது சுலபம், ஆனால் கடலில் அது நின்று நின்று நகர்ந்த விதம் அப்படி. வைத்திக்குப்பத்தில் வலையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் வெள்ளிக்கிழமை காலை என்னை நிறுத்தி, “காத்து வாடையா கொண்டலான்னே புரியல தம்பி. இப்படிச் சுத்துனா நல்லதுக்கில்ல. வூட்டுக்குப் போ” என்றார். போனேன்.

30ஆம் தேதி இரவு புயல் ஊர் பக்கத்தில் கரைதொட்டு, நகராமல் மணிக்கணக்கில் அப்படியே நின்றுவிட்டது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. ஒரு வருடத்தில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கிருஷ்ணா நகரில் ராணுவம் படகோடு வந்தது. சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கம் முழுக்கத் தண்ணீர். ஞாயிறு 24 கிலோமீட்டர் ஓடவேண்டியவன், பக்கத்துத் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டும் தண்ணீர் கேனும் தூக்கிக்கொண்டு நடந்தேன். அட்டவணையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அடுத்த இரண்டு வாரம் ஓட்டமே இல்லை. பிறகு ஓடியது எல்லாம் ஈரச் சப்பாத்தில். இரவு முழுக்கச் செய்தித்தாளைத் திணித்து வைத்தாலும் காயாது. விரலிடுக்கில் சேற்றுப்புண். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவிக்கொண்டு ஓடினேன்.

இப்போது முதலில் சொன்ன அந்தச் சிக்கல். “நமக்கென்ன, வெயில்லயே பொறந்து வளந்தவங்க” என்று எல்லாரும் சொல்வார்கள். செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்காரர்களின் நம்பிக்கையும் இதற்கு ரொம்ப தூரமில்லை. இந்த உடம்பு இதற்கென்றே செய்தது என்ற நினைப்பு. உடம்பு அப்படி வேலைசெய்வதில்லை. வெயிலில் தினமும் உழைத்தால் பத்து, பதினான்கு நாளில் உடம்பு பழகும். வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். விட்டுவிட்டால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் போய்விடும். இது பிறப்பில் வருவதில்லை, ஒவ்வொரு முறையும் சம்பாதிக்க வேண்டியது. மிமூனும் பிரான்சில்தான் வாழ்ந்தார், பயிற்சி செய்தார். மூன்று மாதம் மழையில் ஓடிய என் உடம்புக்குப் பிப்ரவரி வெயில் புதிது.

போதாததற்கு ஈரப்பதம். உடம்பைக் குளிர்விப்பது வியர்வை இல்லை, வியர்வை காய்வது. விடிகாலை ஐந்து மணிக்கு இங்கே காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். வியர்வை சொட்டும், காயாது. அதற்காகக் குடம்குடமாகத் தண்ணீர் குடித்தாலும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களிடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அதனால் ஜனவரி முழுக்கக் காலை ஓட்டத்தை ஒன்பது மணிக்குத் தள்ளினேன். கையில் உப்புப் போட்ட மோர். தெரு நாய்கள்கூட நிழலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தன.

ஆரோவில் மாரத்தான் 2008இல் தொடங்கியது. செம்மண் காட்டுப்பாதை. பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. இருட்டில் கிளம்பினோம். மழைக்காலத்தில் அறுத்தோடிய மண் இறுகிப் பள்ளமும் மேடுமாகக் கிடந்தது. கால் பார்த்து வைக்கவேண்டியிருந்ததால் முதல் பத்து கிலோமீட்டர் வேகமே எடுக்கவில்லை. முந்திரி மரங்களுக்கு நடுவே பனி. 21இல் வெளிச்சம் வந்தது. 30 வரை ஜனவரி வெயில் கைகொடுத்தது. 34இல் நிழல் முடிந்து திறந்தவெளி. அங்கிருந்து ஓடினேன் என்று சொன்னால் பொய். கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து, ஒவ்வொரு மேடையிலும் வாழைப்பழமும் உப்பும் வாங்கிக்கொண்டு போனேன். என் கடிகாரம் 5 மணி 12 நிமிடம் காட்டியபோது முடிந்தது.

மாலை நொண்டிக்கொண்டே தெருவில் வந்தேன். சொல்தா தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நேரத்தைச் சொன்னேன்.

“மிமூன் ரெண்டு மணி இருவத்தஞ்சி நிமிசம்” என்றார். “நீ இன்னா, வழியில எங்கனா தூங்கிட்டியா?”