மார்ட்கேஜ், அமார்ட்டைசேஷன், மார்ட்டாலிட்டி: ஹோம் லோன் பேப்பரில் மரணம் எப்படி வந்தது?

ஹைதராபாத்தில் வேலை, மௌலா அலியில் மலை தெரிகிற ஒரு ஃபிளாட், 50 லட்சம் ரூபாய் ஹோம் லோன். இப்படி ஒரு திட்டம் உங்களுக்கு இருந்தால், பேங்க் நீட்டும் பேப்பர்களில் மூன்று வார்த்தைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள்: மார்ட்கேஜ், அமார்ட்டைசேஷன், மார்ட்டாலிட்டி. போஸ்ட்மார்ட்டத்திலும் மார்ச்சுவரியிலும் இருக்கிற அதே 'மோர்ட்' என்ற லத்தீன் வேர்தான் இவற்றிலும் இருக்கிறது. பொருள், மரணம்.

மார்ட்கேஜ் பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். நேர்ப் பொருள் 'செத்த பிணை'. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அடகு வைத்த நிலத்தின் வருமானம் கடனில் கழிந்தால் அது உயிருள்ள பிணை. வருமானத்தைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொண்டும் அசல் அப்படியே நின்றால் செத்த பிணை. வீட்டை ஒத்திக்கு விட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். 17-ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் கோக் என்ற சட்ட அறிஞர் வேறு விளக்கம் தந்தார்: கடனைக் கட்டாவிட்டால் நிலம் வாங்கியவருக்குச் செத்துப்போகிறது, கட்டிவிட்டால் பிணை கொடுத்தவருக்குச் செத்துப்போகிறது. இன்று வங்கிகள் சொல்லும் அர்த்தத்துக்கு இதுதான் நெருக்கம்.

அமார்ட்டைசேஷன் என்றால் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிப்பது. எவ்வளவு மெதுவாக என்பதுதான் விஷயம். 50 லட்சம், 8.5% வட்டி, 20 வருடம் என்று வையுங்கள். இஎம்ஐ சுமார் 43,391 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 35,417 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 7,974 ரூபாய்தான். ஐந்து வருடத்தில் 26 லட்சம் கட்டியிருப்பீர்கள், ஆனால் கடன் 44 லட்சத்தில் நிற்கும். அசல் பாதியாகக் குறைய கிட்டத்தட்ட 13 வருடம் 10 மாதம் ஆகும். கையில் உபரிப் பணம் இருந்தால் ஆரம்ப வருடங்களில் பார்ட் பேமெண்ட் போடச் சொல்வது இதனால்தான்.

மார்ட்டாலிட்டி, லோனோடு சேர்த்து எடுக்கும் இன்சூரன்ஸில் வரும். எந்த வயதில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்ற அட்டவணையை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். 30 வயதில் எடுத்தால் மலிவு, 40-இல் எடுத்தால் கூடுதல் என்பதற்குக் காரணம் அந்த அட்டவணைதான்.

காதில் விழுகிற எல்லாமே இந்தக் குடும்பம் இல்லை. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி இஎம்ஐக்கு அனுமதித்த மொரட்டோரியம், தாமதம் என்று பொருள்படும் 'மோரா'விலிருந்து வந்தது. கடன் சாகவில்லை, தள்ளிப்போனது, வட்டியும் ஓடியது. செங்கலுக்கு நடுவே பூசும் மார்ட்டர்கூட உரல் என்ற அர்த்தமுள்ள வேறொரு லத்தீன் சொல். மாறாக, சமஸ்கிருத வழி வந்த மிருத்யு, அமிர்தம், அமரர் எல்லாம் 'மோர்ட்'டுக்குத் தூரத்துச் சொந்தம். இம்மார்ட்டல் என்றால் அமரர். நாமோ சவ வண்டிக்கு 'அமரர் ஊர்தி' என்று பெயர் வைத்திருக்கிறோம்!

சரி, லோன் ஓடும்போது வாங்கியவரே இறந்துவிட்டால்? கடன் அவரோடு சாகாது. கோ-அப்ளிகண்ட் இருந்தால் மிச்சம் முழுவதும் அவர் பொறுப்பு. கையெழுத்துப் போடாத வாரிசு, தனக்கு வந்து சேர்ந்த சொத்தின் மதிப்பு வரைதான் பதில் சொல்ல வேண்டும். சொந்தச் சம்பளத்திலிருந்து கட்டு என்று கேட்க முடியாது. ஆனால் அடமானத்தில் இருக்கும் ஃபிளாட் மீது வங்கிக்கு உரிமை தொடரும். லோன் தொகைக்கு ஈடாக ஒரு டேர்ம் பாலிசி இருந்தால் வீடு குடும்பத்தின் கையில் நிற்கும்.

முழுக்கடனும் தீர்ந்த பிறகு அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2023 டிசம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. கடன் வாங்கியவர் இறந்தால் வாரிசுகளுக்குப் பத்திரம் எப்படித் திரும்பும் என்ற நடைமுறையையும் வங்கி தன் வெப்சைட்டில் போட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்து, லிங்க்கை வீட்டில் ஒருவருக்காவது அனுப்பி வையுங்கள்.